தொட்டிக்குக் காவல் ஒரு கோழி

அந்தப் பெண்ணை வீட்டில் எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு நாள் முழுக்கப் பேசுவதையெல்லாம் ஒரு தேக்கரண்டியில் அள்ளிவிடலாம். அம்மா வேடிக்கைக்கு வைத்த பெயர் அது. அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்பாவும் அதிகம் பேசமாட்டார். அவர் வெளியூர்ப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். வழியெல்லாம் ஹாரன் சத்தமும் பயணிகள் சத்தமும் கேட்டுக் கேட்டு, வீட்டில் அவருக்கு வேண்டியது கொஞ்சம் அமைதிதான்.

அந்த அமைதிக்காகவே ஒரு மீன்தொட்டி வைத்திருந்தார். சாதாரணத் தொட்டி இல்லை, உப்புத் தண்ணீர்த் தொட்டி. வாளியில் கடல் உப்பைக் கரைத்து, அளவு பார்த்து ஊற்றுவார். அதில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள் இருந்தன. ஒன்று பெரியவர், இன்னொன்று சின்னவர். அடியில் ஒரு நண்டு காலிச் சங்குகளைத் தேடிக் குடி மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு வாடகைக்காரர் என்று பெயர் வைத்தவள் வாயாடிதான்.

அப்பா வீடு திரும்பும் நாளில், குளித்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்காருவார். வாயாடி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுக்கொள்வாள். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாடகைக்காரர் ஒரு சங்கிலிருந்து இன்னொரு சங்குக்குத் தாவும்போது மட்டும் அப்பா அவளை மெல்ல இடிப்பார். அவளும் பார்த்துவிட்டேன் என்று திருப்பி இடிப்பாள்.

"ரெண்டு பேரும் என்னதான் பேசிக்கிறீங்க?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்பாள். இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

அந்தத் தொட்டிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

தொட்டிக்குக் கீழே ஒரு மர அலமாரி. அதற்குள் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இன்னொரு சின்னத் தொட்டியும் ஒரு மோட்டாரும் இருந்தன. இரண்டு தொட்டிகளையும் ஒரு குழாய் இணைத்தது. எப்போதோ ஒரு நாள் அந்தக் குழாய் கசிந்திருக்கிறது. அலமாரிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், தண்ணீர் தரையில் இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போய்விட்டது.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரர் இருந்தார். வீடும் கடையும் அவருக்கு அதுதான். தைத்து முடித்து மாட்டியிருந்த கறுப்புக் கோட்டின் தோளில் மேலிருந்து தண்ணீர் சொட்டியது. காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாய் வட்டம் விழுந்துவிட்டது. நாளைக்கு வேண்டும் என்று சொல்லியிருந்த கோட்டு அது. பாவம், மனிதர் உட்கார்ந்து தோள் இரண்டையும் பிரித்து மறுபடி தைத்தார்.

அவர் மேலே வந்து சத்தம் போடவில்லை. கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று காட்டினார். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னொரு தடவை தண்ணி வெளிய வந்தா, தொட்டியையே எடுத்துடறேன், டெய்லர்" என்றார்.

வாக்குக் கொடுத்துவிட்டால் அப்பா அதிலிருந்து நகரமாட்டார் என்று வாயாடிக்குத் தெரியும். அன்று சாயங்காலம் குழாயை இறுக்கிவிட்டு அவர் வழக்கம்போல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆனால் மீனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயாடி யோசித்தாள். பேசாதவர்களுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

குழாய் என்றால் என்றைக்காவது கசியும். அன்று நடந்த தப்பு வேறு. தண்ணீர் வந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் தெரிந்துகொண்டது அந்தக் கறுப்புக் கோட்டுதான். முதல் சொட்டு விழும்போதே யாராவது கூப்பிட்டுச் சொல்லியிருந்தால்?

கட்டிலுக்கு அடியில் உடைந்த பொம்மைகள் போடும் பெட்டி ஒன்று இருந்தது. அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். சக்கரம் இல்லாத லாரி, ஒற்றைக் காது முயல், அப்புறம் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கோழி. வயிற்றை அமுக்கினால் கொக் கொக் கொக் என்று கத்தும் கோழி. அமுக்கி அமுக்கி, வயிற்றுக்குள் இருந்த தகடு உடைந்துபோயிருந்தது.

திருகாணியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே இரண்டு வயர்கள் தனித்தனியாய் நீட்டிக்கொண்டு நின்றன. நுனிகளைச் சேர்த்துத் தொட்டதும் கோழி "கொக்" என்றது. பிரித்ததும் நிறுத்திக்கொண்டது.

சுவரிலிருந்து வரும் எந்த வயரையும் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். கோழிக்குள் இருந்தவை கடிகாரத்தில் போடும் குட்டி பேட்டரிகள்தான். அதனால் பயமில்லை.

இரண்டு நுனிகளையும் ஒன்றையொன்று தொடாதபடி குழாய்த் தண்ணீர் இருந்த கிண்ணத்தில் விட்டாள். கோழி தொண்டை கட்டியதுபோல் லேசாக முனகியது. அடுத்து, தொட்டித் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து அதில் விட்டாள். கோழி வீடே அதிரும்படி கத்தியது. உப்புத் தண்ணீர் இரண்டு வயருக்கும் நடுவில் நல்ல பாலமாகிவிடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

ஒரு பருத்தித் துணியை மடித்து, நுனிகளை அதன் இரண்டு ஓரங்களில் செருகினாள். கொஞ்சம் தண்ணீர் பட்டாலும் துணி அதை இழுத்துப் பரப்பிவிடும், கோழி கத்திவிடும். தொட்டித் தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றிச் சோதித்தாள். கத்தியது. துணியைக் கொடியில் போட்டு நன்றாகக் காயவைத்து, மறுபடி வயர்களைச் செருகி, அலமாரிக்குள் குழாய்க்கு அடியில் வைத்தாள். கோழி அலமாரிக்கு மேலே, தொட்டிக்குப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்தது.

அப்பா கோழியைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். அப்புறம் அவளை மெல்ல இடித்தார். வாயாடிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது அதற்கு அப்புறம்தான். ஜன்னலெல்லாம் ஈரம். காயப்போட்ட துணிமணி எதுவும் காயவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோழி கத்தியது. மூன்று பேரும் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். தரையில் ஒரு சொட்டு இல்லை. குழாயிலும் ஈரமில்லை. மறுநாள் காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது மறுபடியும் கத்தியது. அப்போதும் தரை காய்ந்துதான் கிடந்தது. அன்று சாயங்காலம் கோழி நிறுத்தாமல் கத்த ஆரம்பித்ததும் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"உன் கோழி முட்டை போடப் பாக்குது போல. அதுக்கு ஏன் நம்ம எல்லாரையும் ஓட வைக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே பேட்டரிகளை உருவிச் சமையலறை அலமாரி உச்சியில் வைத்துவிட்டாள்.

வாயாடி, கண் கலங்கியதை யாரும் பார்ப்பதற்குள், தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பெரியவர் கண்ணாடி வரைக்கும் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்.

சமையலறையில் அம்மா உப்புப் புட்டியைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருந்தாள். "மழை வந்தாப் போதும், இந்த உப்புக்குச் சளி பிடிச்சிக்கும். கட்டி கட்டியா வருது பாரு."

வாயாடி சட்டென்று எழுந்தாள். அலமாரிக்குள் இருந்த துணியை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். துணி முழுக்கப் பொடிப்பொடியாய் வெள்ளை மினுங்கியது. கறுப்புக் கோட்டின் தோளில் இருந்த அதே வெள்ளை.

கொடியில் போட்டபோது தண்ணீர் மட்டும்தான் போயிருந்தது. உப்பு துணியிலேயே தங்கிவிட்டது. மழைக்காலத்தில் அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிட்டு, கோழியைக் கத்த வைத்திருக்கிறது. கோழி பொய் சொல்லவில்லை. ஈரம் உண்மைதான். இந்த ஈரம் குழாயிலிருந்து வந்ததில்லை, அவ்வளவுதான்.

குடிக்கிற தண்ணீரில் துணியை அலசினாள். மறுபடி அலசினாள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து உப்புக் கரிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் நிறுத்தினாள். வயர் நுனிகளையும் துடைத்தாள். துணி காய்ந்ததும் அம்மாவிடம் போய்ப் பேட்டரிக்குக் கையை நீட்டினாள்.

"இன்னொரு தடவை சும்மா கத்துச்சுன்னா சூப்பு வச்சிடுவேன்" என்று அம்மா பேட்டரியைக் கொடுத்தாள்.

அடுத்த நாட்களில் மழை இன்னும் வலுத்தது. கோழி வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டில் சாவியை நுழைக்கும்போது, உள்ளேயிருந்து என்னவோ சத்தம் கேட்டது. கதவைத் திறந்தாள். கோழிதான். வெகுநேரம் கத்திக் கத்தி பேட்டரி தீர்ந்துபோய், "கொ... கொ..." என்று இழுத்துக்கொண்டிருந்தது.

அலமாரியைத் திறந்தாள். குழாய் இணைப்பிலிருந்து சொட்டு சொட்டாய் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துணி ஊறித் ததும்பி, தரையில் ஒரு கையகலம் தண்ணீர் தேங்கியிருந்தது. ஓரங்களில் அது மெல்ல நகர்ந்துகொண்டும் இருந்தது.

கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் படாத சுவரில் இருந்த மோட்டார் சுவிட்சை அணைத்தாள். சொட்டுவது நின்றது. காற்றுக் குமிழ் விடும் சின்னக் கருவி தனியாக ஓடிக்கொண்டிருந்ததால் மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. துண்டு போட்டுத் தரையைத் துடைத்தாள். இணைப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தபோது அங்கே வெள்ளையாய் உப்புத் தாடி வளர்ந்திருந்தது. முதல் தடவையும் இங்கேதான் கசிந்திருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றையும் முடித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். மோட்டார் ஓடாததால் வீடு என்றைக்கும் இல்லாத அமைதியாக இருந்தது.

அம்மா வர இன்னும் நேரமிருந்தது. அப்பா நாளைக்குத்தான் வருவார். தரை காய்ந்துவிட்டது. கீழே ஒரு சொட்டும் போயிருக்காது. அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் தொட்டி போய்விடும். தொட்டி போனால் நாற்காலியும் முக்காலியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க என்ன காரணம்?

வாடகைக்காரர் சங்கிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார். அவளுக்கும் அப்படி ஒரு சங்கு இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

கோழியைப் பார்த்தாள். பாவம், பகலெல்லாம் யாருமில்லாத வீட்டில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. அவள் கொஞ்ச நேரம் பிந்தி வந்திருந்தால் தண்ணீர் தன் வேலையைக் காட்டியிருக்கும். ஆள் இல்லாத இடத்தில் காவல் வைத்து என்ன பயன்? பகலெல்லாம் ஆள் இருக்கும் இடம் எது?

அது எது என்று அவளுக்குத் தெரியும். தொட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். கடிகாரத்திலிருந்து பேட்டரிகளைக் கழற்றிக் கோழிக்குப் போட்டாள். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.

தையல்காரர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் வாசலில் நின்று பார்த்தாள். முன்பெல்லாம் ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில் இருந்த தையல் மெஷின் இப்போது இருட்டு மூலைக்குப் போயிருந்தது. ஜன்னலோரத்தில் ஒரு வாளி மட்டும் இருந்தது. வாளிக்குள் ஒன்றுமில்லை. அவர் நாலு தையல் போடுவார், நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார், கழுத்தைத் தேய்த்துக்கொள்வார், மறுபடி நாலு தையல் போடுவார்.

அவள் நிற்பதை அவர் பார்த்துவிட்டார். "என்ன பாப்பா, பட்டன் போச்சா?"

வாயாடி இல்லை என்று தலையாட்டினாள்.

"இன்னைக்கு மறுபடியும் தண்ணி வந்துச்சு, மாமா. நான் தொடச்சிட்டேன். மோட்டாரும் நிறுத்திட்டேன். உங்க வீட்டுக்கு வரல."

மெஷின் நின்றது. அவர் கூரையைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"அப்போ உங்கப்பா சொன்னபடி தொட்டிய எடுக்கணும்ல?"

"ம்."

"அது தெரிஞ்சும் வந்து சொல்றியா?"

"ம்."

தையல்காரர் மெஷினிலிருந்து கையை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய அமைதி வேறு மாதிரி இருந்தது. அதில் எப்படி உட்காருவது என்று வாயாடிக்குத் தெரியவில்லை. அதனால் கோழியை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"அப்பா நாளைக்குத்தான் வருவாரு. அவர் எடுக்கிற வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும். நுனிய ஒரு துணில செருகி அந்த வாளிக்குள்ள போட்டு வைங்க, தண்ணி வந்தா இது கத்தும். கத்தலைன்னா வரலைன்னு அர்த்தம். நீங்க மேல பாத்துக்கிட்டே தைக்க வேண்டாம்ல."

மறுபடி கழுத்தைத் தேய்க்கப் போன அவர் கை தானாகக் கீழே இறங்கியது.

"என் வீட்டுக்காரிகூட இத கவனிக்கல" என்றார் மெல்ல.

வாயாடி கிண்ணத்தை நீட்டினாள். அவர் சந்தேகத்தோடு வயர் நுனிகளைத் தண்ணீரில் விட்டார். கோழி கத்திய கத்தலில் அவர் மடியிலிருந்த நூற்கண்டு உருண்டு கதவு வரைக்கும் ஓடியது. அதை எடுக்கப் போனவர், எடுக்காமல் திரும்பி வந்து இன்னொரு தடவை நனைத்துப் பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை.

"போதும் மாமா, பேட்டரி தீந்துடும்" என்றாள் வாயாடி. "நுனிய நல்ல தண்ணில கழுவணும். இல்லன்னா மழைக்குச் சும்மா கத்தும்."

மறுநாள் அப்பா வந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துணி, உப்பு, மழை, வெள்ளைத் தாடி, ஜன்னலோர வாளி என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவள் வாழ்நாளிலேயே அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்.

அப்பா கேட்டு முடித்துவிட்டுத் தொட்டியை ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். வாயாடி முக்காலியில் உட்கார்ந்து அவர் திரும்பி வரும் காலடிக்குக் காத்திருந்தாள். வெகுநேரம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது அவர் கையில் பழைய டெலிபோன் வயர் ஒரு சுருள் இருந்தது.

தொட்டியை எடுத்துவிடுவதாகத்தான் அப்பா போய்ச் சொல்லியிருக்கிறார். தையல்காரர் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "தொட்டிய எடுத்துட்டா கோழிக்கு என்ன வேலை, டிரைவர் சார்? எனக்கு இப்பதான் கழுத்து நேராச்சு" என்று சொன்னாராம். வாக்கு என்னாவது என்று அப்பா கேட்டிருக்கிறார். வாக்கை வாங்கினவன் நான், நானே திருப்பித் தருகிறேன், அந்தக் குழாயை மட்டும் முதலில் மாற்றுங்கள் என்றாராம்.

அன்றே அப்பா இணைப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் குழாய் மாட்டினார். இந்த முறை பின்பக்கத்தை வாயாடி டார்ச் அடித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மோட்டாரைப் போட்டார். அலமாரியிலிருந்து டெலிபோன் வயர் ஜன்னல் வழியாக இறங்கி, நேர் கீழே இருந்த தையல்காரர் ஜன்னலுக்குள் நுழைந்தது. மஞ்சள் கோழி கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் ஏறி உட்கார்ந்தது. மேல்வீட்டுச் சாவி ஒன்றும் அதன் கழுத்தில் தொங்கியது.

துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் கோழியைப் பற்றிக் கேட்டார்கள். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, மேல்வீட்டு மீனுக்கு வாட்ச்மேன் என்பார்.

ஒரு தடவை கோழி நிஜமாகவே கத்தியது. அம்மா தண்ணீர் மாற்றிய வாளியை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்து, காலால் தட்டிவிட்டதைக் கவனிக்காமல் கடைக்குப் போய்விட்டாள். தையல்காரர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், வெட்டுத் துணிகளைப் போட்டுத் தண்ணீரை ஒற்றியெடுத்துவிட்டார். கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. அதற்கு அப்புறம் அம்மா கோழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

மழைக்காலம் முடிந்தது. ஒரு நாள் வாயாடி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கீழே தையல் மெஷின் பழையபடி ஜன்னலோரத்துக்கு வந்திருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஆளைக் காணோம். மேலே ஓடினாள். வீட்டுக் கதவு திறந்திருந்தது.

அப்பாவின் நாற்காலியில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவரும் சின்னவரும் கண்ணாடி வரைக்கும் வந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாயாடி பையைப் போட்டுவிட்டு அலமாரிக்குள் எட்டிப் பார்த்தாள். துணி காய்ந்துதான் இருந்தது.

"கோழி கூப்பிட்டுச்சா, மாமா?"

தையல்காரர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "இல்ல பாப்பா. ரொம்ப நாளா கூப்பிடவே இல்லையேன்னு பாக்க வந்தேன்."

வாயாடி முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. வாடகைக்காரர் ஒரு சங்கிலிருந்து இன்னொரு சங்குக்குத் தாவியபோது, தையல்காரர் அவளை மெல்ல இடித்தார்.